உதவி செய்பவருக்கும் உதவி வேண்டும்

சார்லட் டோல் அமெரிக்கச் சமூகப் பணித் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 1896இல் பிறந்து 1966இல் மறைந்த இவர், முதலில் முன்னாள் போர்வீரர்களிடையிலும் மனநல மருத்துவமனையிலும் குழந்தைகள் நல மையத்திலும் களப்பணி செய்தார். பின்பு முப்பது ஆண்டுகள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். எங்கே இருந்தாலும் இளம் பணியாளர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் பழக்குவதே அவருடைய வேலையின் நடுநாயகமாக இருந்தது. கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் மற்றொருவரிடம் உதவி கேட்டு வரும்போது இருவர் மனத்திலும் என்ன நடக்கிறது, உதவுகிற ஆளை எப்படித் தயார் செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் ஒன்றாகவே பார்த்தார். மனிதருக்குப் பொதுவான தேவைகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலொன்றை அமெரிக்க அரசு தானே அச்சிட்டது; ஆறு ஆண்டுகள் கழித்துத் தானே அழித்தது.

மொன்டானா மாநிலத்தில் செம்புச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த பியூட் நகரம் அவருடைய சொந்த ஊர். பால்டிமோரில் அப்போதிருந்த கௌச்சர் கல்லூரியில் கல்வியியல் படித்து 1919இல் பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியையாகியிருக்க வேண்டியவர். ஆனால் முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களின் குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் உதவிக்கொண்டிருந்த காலம் அது. அவர் அந்த வேலையில் சேர்ந்தார். அதன்பின் முன்னாள் படைவீரர் நலத் துறையிலும், மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்றிலும் பணியாற்றினார். கை கால் நன்றாக இருந்தும் வேலைக்குப் போக முடியாதவர்கள், சின்னச் சத்தத்துக்கும் நடுங்குகிறவர்கள், மனைவி மக்களோடு ஒட்ட முடியாதவர்கள் என்று பலரை அங்கே பார்த்திருப்பார். இவர்களுக்கு ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதை அந்தத் தலைமுறைச் சமூகப் பணியாளர்கள் அனுபவத்தில்தான் கற்றார்கள்.

அப்போது சமூகப் பணி ஒரு தொழிலாக உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவியும் அறிவுரையும் வழங்கும் தர்மகாரியமாகவே அது நடந்துவந்தது. மேரி ரிச்மண்ட் 1917இல் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற நூல் அதற்கு ஒரு முறையைக் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு உதவுமுன் அதன் நிலையைப் பல பக்கமிருந்தும் விசாரித்து, ஆதாரங்களைச் சீர்தூக்கி, பிறகே முடிவுக்கு வரவேண்டும் என்றது அந்நூல். போருக்குப் பிறகு மனநல மருத்துவமும் ஃப்ராய்டின் கருத்துகளும் இத்துறைக்குள் வேகமாக நுழைந்தன. புறச்சூழலா, உள்மனமா என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது. இந்தப் புதிய அறிவைத் தேடி டோல் 1926இல் உதவிநிதி பெற்று நியூயார்க் சமூகப் பணிப் பள்ளிக்குச் சென்றார். அதன்பின் பிலடெல்பியாவில், ஆதரவற்ற குழந்தைகளுக்கு வளர்ப்பு வீடு தேடித் தரும் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1928இல் நியூயார்க் திரும்பி, குழந்தை வழிகாட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்த நிறுவனத்தில் இருந்த நான்கு ஆண்டுகள்தான் அவரை ஆசிரியராக்கின என்று சொல்லலாம். அங்கே ஒரு குழந்தையை மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்து கவனித்தார்கள். சமூகப் பணி மாணவிகள் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களை மேற்பார்வை செய்வது டோலின் பொறுப்பு.

மேற்பார்வை என்றதும் ஆபீசில் வேலை வாங்கும் அதிகாரி நினைவுக்கு வருவார். இத்துறையில் அதன் நடைமுறை வேறு. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றித் திரியும் ஒரு பையனின் வீட்டுக்கு மாணவி ஒருத்தி போய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும், தான் கேட்டது, அந்த அம்மா சொன்னது, இடையில் வந்த மௌனம், தனக்குள் எழுந்த எண்ணம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். மேற்பார்வையாளர் அதை முன்கூட்டியே வாசித்து வைத்திருப்பார். இருவரும் உட்கார்ந்து பேசும்போது, "வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னவுடனே நீங்கள் ஏன் பள்ளிக்கூடப் பேச்சுக்குத் தாவினீர்கள்?" என்று கேட்பார். மாணவி யோசிப்பாள். அந்த அம்மாவின் குரலில் ஏதோ தட்டுப்பட்டதும், அதைத் தொட்டால் அழுதுவிடுவாரோ என்று தான் பயந்ததும் அப்போதுதான் அவளுக்குத் தெரியவரும். அடுத்த முறை அந்த இடத்தில் அவள் ஒரு நிமிடம் பொறுமையாக இருப்பாள். வகுப்பறை விரிவுரையால் இதைக் கொடுக்க முடியாது. வாரந்தோறும் இப்படி ஒரு மணி நேரம் கூடவே இருக்க ஒருவர் வேண்டும்.

1932இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளி டோலை அழைத்தது. அதன் தலைவர் ஈடித் அபட். அவருக்குத் துணையாக சோஃபனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ். இருவரும், சிகாகோவின் ஏழைப் பகுதியில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தின் மரபில் வந்தவர்கள். தொழிலாளர் சட்டம், குடியேறியவர்களின் உரிமை, நீதிமன்றம், அரசு நிர்வாகம் என்று போராடிப் பழகியவர்கள். வறுமைக்குக் காரணத்தை ஏழையின் மனத்துக்குள் தேடுவது அவர்களுக்குப் பிடிக்காத காரியம். அந்த இடத்துக்கு மனநலத் துறையிலிருந்து ஒருவர் போனது துணிச்சல்தான். அழைத்தவர்களின் துணிச்சலும் அதில் அடக்கம். பொருளாதாரப் பெருமந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்திருந்த வருடம் அது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவரிடம் குழந்தைப் பருவத்து நினைவுகளைத் துருவுவதில் பொருளில்லை என்பதை டோலும் ஏற்றார். அதே சமயம், வேலை போன மனிதர் ரொட்டிச் சீட்டுக்காக வரிசையில் நிற்கையில் அவருக்குள் என்ன உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ளாத அதிகாரி நல்ல சட்டத்தையும் கெடுத்துவிடுவார் என்பதிலும் உறுதியாக இருந்தார். சட்டமும் மனமும் ஒரே மேசையில் சந்தித்தது சிகாகோவின் பேறு. டோலின் பிற்கால எழுத்துக்கெல்லாம் ஊற்று இந்தச் சந்திப்பே.

பாடத்திட்டத்தில் அவர் கொண்டுவந்த மாற்றம் வெளியே அதிகம் பேசப்படவில்லை; விளைவில் பெரியது. ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ தனியாகக் கவனித்து உதவும் 'கேஸ்வொர்க்' எனும் தனிநபர் பணியை அதுவரை துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மருத்துவமனையில் வேலை செய்யப் போகிறவருக்கு ஒரு படிப்பு, குடும்பநல நிறுவனத்துக்கு ஒன்று, மனநல மையத்துக்கு ஒன்று, குழந்தைகள் நலத்துக்கு இன்னொன்று. எங்கே வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான் என்ற கருத்தை 1929இல் வெளியான மில்ஃபோர்ட் மாநாட்டு அறிக்கை முன்வைத்திருந்தது. டோல் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். எல்லா மாணவர்களும் முதலில் பொதுவான தனிநபர் பணியைக் கற்கும்படி பாடங்களைத் திருத்தி அடுக்கினார். காசநோயாளியானாலும் விதவையானாலும் சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்த பையனானாலும், உதவி கேட்டு நிற்கும் மனிதரிடம் பொதுவான சில தேவைகளும் பயங்களும் உண்டு என்பது அதன் உட்கருத்து.

1935இல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதியோர், பார்வையற்றோர், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோருக்கு மத்திய அரசு நிதியோடு உதவித்தொகை கிடைக்க வழி பிறந்தது. அதை நடத்த மாநிலங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. அவர்களில் பெரும்பாலோர் சமூகப் பணி படித்ததில்லை. கையில் விதிப் புத்தகம் இருந்தது. எதிரில் மனிதர்கள் இருந்தார்கள். இந்த ஊழியர்களுக்கு மனித இயல்பைப் பற்றி எளிமையாக எழுதித் தரும்படி, மத்தியப் பொது உதவித் துறையின் தலைவர் ஜேன் ஹோயி டோலைக் கேட்டுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 'காமன் ஹ்யூமன் நீட்ஸ்'. 1945இல் அரசு அச்சகம் வெளியிட்டது. சுமார் 130 பக்கம்.

கைக்குழந்தை, வளரும் பிள்ளை, விடலைப் பருவத்தினர், நடுவயதினர், முதியவர் என்று ஒவ்வொரு பருவத்திலும் மனிதருக்கு என்ன வேண்டும் என்று அந்நூல் வரிசையாகப் பேசுகிறது. உணவும் இருப்பிடமும் மருத்துவமும் அடிப்படை. அவற்றோடு அன்பு, பிறரோடு உறவு, அறிவும் உணர்வும் வளர வாய்ப்பு, ஆன்மிகத் தேவை ஆகியவையும் அதே அளவு அவசியம் என்கிறது. ஒன்றை மறுத்து மற்றொன்றைக் கொடுக்க முடியாது. பணத்தைக் கொடுத்துவிட்டு மானத்தைப் பறித்தால் கொடுத்ததும் வீணாகும்.

உதவித்தொகை அலுவலகங்களில் வழக்கமாக நடக்கும் ஒரு காட்சியைக் கொண்டு இதை விளக்கலாம். கணவரை இழந்த பெண் இரண்டு பிள்ளைகளோடு வருகிறார். வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். மூன்றாவது தடவை அலையவிட்டதும் அவர் சீறுகிறார். ஊழியருக்குக் கோபம் வருகிறது: வாங்க வந்த இடத்தில் என்ன திமிர்! விண்ணப்பம் அடியில் போய்விடுகிறது. டோலின் பார்வையில் அந்தச் சீற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. நேற்றுவரை சொந்தக் காலில் நின்ற ஒருவர் திடீரென்று பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தால் அச்சமும் வெட்கமும் கோபமாகத்தான் வெளிப்படும். தகுதியைச் சோதிக்கும் கேள்விகளை விட்டுவிட முடியாது. ஆனால் இந்த உதவி அவருடைய உரிமை என்பதை முதலிலேயே சொல்லி, ஒவ்வொரு தாளும் எதற்கு என்று விளக்கிக் கேட்டால் அதே கேள்விகள் அவமானமாகப் படாது. இன்னொன்றும் உண்டு. அந்த ஊழியரின் கோபம் எங்கிருந்து வந்தது? குறைந்த சம்பளத்தில், கை நிறைய வழக்குகளோடு, மேலதிகாரியின் ஏச்சுக்குப் பயந்து வேலை செய்யும் அவரும் தேவைகளுள்ள மனிதர்தான். தன்னை யாரும் மதிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு எதிரில் இருப்பவரை மதிப்பது கடினம். ஏழைக்கு நல்ல உதவி போய்ச்சேர வேண்டுமானால் அந்த ஊழியருக்கும் தாங்கிப்பிடிக்க ஒருவர் வேண்டும். இந்தப் புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிர்வாகத்தைப் பற்றி எழுதியவர்களில் இந்த இடத்தைத் தொட்டவர்கள் மிகச் சிலரே.

1951இல் பிரச்சினை வந்தது. சமூகப் பாதுகாப்பும் பொது உதவியும் ஜனநாயகம் கனவு காணும் ஒரு சமுதாயத்துக்கு அடிப்படை என்ற பொருளில் நூலில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்தச் சமுதாயத்தைக் குறிக்க அவர் பயன்படுத்திய 'சோஷியலைஸ்டு ஸ்டேட்' என்ற தொடரைப் பிடித்துக்கொண்டு, அரசாங்கமே சோஷலிசம் பரப்புகிறது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் கிளம்பியது. பின்னணி தெரிந்தால் இது புரியும். அதிபர் ட்ரூமன் கொண்டுவர விரும்பிய தேசிய மருத்துவக் காப்பீட்டை அச்சங்கம் முழு மூச்சோடு எதிர்த்துவந்தது. அத்திட்டத்துக்காக வாதாடிய ஆஸ்கர் யூயிங்தான் டோலின் நூலை வெளியிட்ட துறைக்கும் மேலதிகாரி. கம்யூனிச பயம் நாட்டைப் பிடித்தாட்டிய வருடங்கள் அவை. யூயிங் பணிந்தார். மிச்சமிருந்த பிரதிகளையும் அச்சுத் தகடுகளையும் அழிக்க உத்தரவிட்டார். ஆறு ஆண்டுகளாக ஊழியர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்திவந்த புத்தகம் ஒரு தொடருக்காக மறைந்தது.

சமூகப் பணியாளர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதங்கள் பறந்தன. அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கம் நூலைத் தானே மறுபதிப்புச் செய்தது. 1955இல் பல சங்கங்கள் இணைந்து தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் உருவானபோது அந்தப் பொறுப்பு அதற்குப் போனது. நூல் பல மொழிகளுக்குச் சென்றது. அரசு அழிக்காமல் விட்டிருந்தால் அது உதவித்தொகை அலுவலகக் கைநூலாகவே நின்றிருக்கலாம். அழித்ததால் துறை முழுவதற்கும் சொந்தமாயிற்று.

அரசோடு உரசல் அத்தோடு முடியவில்லை. இங்கிலாந்து செல்ல அவருக்கு அழைப்பு வந்தபோது, அமெரிக்க வெளியுறவுத் துறை கடவுச்சீட்டு தர முதலில் மறுத்தது. உளவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியின் மரண தண்டனைக்குக் கருணை கோரிய மனுவில் அவர் கையெழுத்திட்டிருந்ததும் காரணமாகக் காட்டப்பட்டது. பிறகு அனுமதி கிடைத்து 1955இல் லண்டன் போனார். அங்கே லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஐலீன் யங்ஹஸ்பண்ட் 1954இல் ஒரு புதிய படிப்பைத் தொடங்கியிருந்தார். மருத்துவமனைப் பணியாளர், நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் நல அலுவலர் என்று தனித்தனியாகப் பயின்றுவந்தவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துப் பயிற்றுவிப்பது அந்தப் படிப்பின் நோக்கம். சிகாகோவில் டோல் செய்து காட்டியதும் அதுவே. ஒரு கல்வியாண்டு அவர் அங்கே மாணவர்களுக்கும், அதைவிட முக்கியமாக மேற்பார்வையாளர்களுக்கும் கற்பித்தார். பிரிட்டனில் சமூகப் பணிக் கல்வி பின்னாளில் பொதுவான அடித்தளத்தின் மேல் எழுந்ததில் அந்த ஆண்டுக்கும் பங்குண்டு.

1954இல் வெளியான 'த லேர்னர் இன் எஜுகேஷன் ஃபார் த ப்ரொஃபஷன்ஸ்' அவருடைய பெரிய நூல். தொழிற்கல்வி பெறும் மாணவரின் மனத்தைப் பற்றியது. சிகாகோவிலேயே இருந்த கல்வியியல் அறிஞர் ரால்ஃப் டைலரின் சிந்தனையையும் ஃப்ராய்டின் மனப்பகுப்பாய்வையும் இணைத்து எழுதப்பட்டது. படிப்பது சுமை இல்லாத காரியம் என்ற எண்ணத்தை இந்நூல் முதலிலேயே தள்ளிவிடுகிறது. புதிதாக ஒன்றைக் கற்கும்போது, இதுவரை நம்பிவந்த ஒன்றை விட வேண்டியிருக்கிறது. கண்டிப்பு இருந்தால் பிள்ளை தானாகத் திருந்தும், ஏழை சோம்பேறி என்றெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்த மாணவருக்கு, அதை விடுவது தாய் தந்தையரையே மறுப்பதுபோல் வலிக்கலாம். அதனால் அவர் பாடத்தை எதிர்ப்பார். அல்லது ஆசிரியர் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பதற்றம். மந்தமான மாணவர், எதிர்த்துப் பேசும் மாணவர் என்று முத்திரை குத்துமுன் ஆசிரியர் இதைப் பார்க்க வேண்டும்.

செடிக்குத் தண்ணீர் விடுவதைப் போல இதிலும் அளவுதான் முக்கியம். முதல் மாதத்திலேயே தற்கொலைக்கு முயன்றவரின் வழக்கை ஒரு மாணவரிடம் கொடுத்தால் அவர் நொறுங்கிப்போவார். இரண்டாம் ஆண்டிலும் முகவரி சரிபார்க்கும் வேலையையே கொடுத்தால் வளரவே மாட்டார். தொடக்கத்தில் மாணவர் ஆசிரியரைச் சார்ந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்து ஆசிரியர் பதற வேண்டாம். ஆனால் படிப்படியாகப் பிடியைத் தளர்த்தி, மாணவர் தன் தீர்ப்பைத் தானே எடுக்கும்படி விட வேண்டும். கஷ்டப்படுகிறவரிடம் சமூகப் பணியாளர் நடந்துகொள்ளும் முறையும் ஏறக்குறைய இதுதான். மாணவர் தன் மேற்பார்வையாளரிடம் எப்படி நடத்தப்பட்டாரோ அப்படித்தான் தன்னிடம் வருபவரையும் நடத்துவார் என்ற எண்ணம் டோலின் கல்வி முறையில் ஆழமாக ஓடுகிறது.

இங்கே அவர் ஒரு கோடு கிழித்தார். மாணவர் நோயாளி இல்லை. மேற்பார்வை சிகிச்சை இல்லை. ஒரு மாணவரின் சொந்தத் துயரம் வேலையில் குறுக்கிட்டால் அதை வேலையோடு தொடர்புடைய அளவில் மட்டும் பேச வேண்டும். அதற்கு மேல் தோண்டும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது. மனப்பகுப்பாய்வு உச்சத்தில் இருந்த காலத்தில், கையில் அந்த அறிவு இருந்தும் இப்படி ஒரு எல்லையை வகுத்தது அவருடைய நிதானத்தைக் காட்டுகிறது.

அவர் சிந்தனைக்குக் குறைகளும் உண்டு. குடும்பம் என்றால் சம்பாதிக்கும் தந்தை, வீட்டிலிருக்கும் தாய் என்ற அந்தக் காலத்து அனுமானம் அவர் எழுத்தில் தெரிகிறது. மனப்பகுப்பாய்வுச் சொற்கள் இன்றைய வாசகரைச் சோர்வடையச் செய்யும். 1962இல் உதவித்தொகைச் சட்டத்தைத் திருத்தி, பணத்தோடு ஆலோசனைச் சேவையும் கொடுத்தால் ஏழைகள் விரைவில் மீள்வார்கள் என்று அமெரிக்க அரசு எதிர்பார்த்தது. பயனாளிகளின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே போனது. தனிநபர் பணியால் வறுமையை ஒழிக்க முடியாது என்ற விமரிசனம் அப்போது பலமாக எழுந்தது. விமரிசனம் நியாயமானதே. ஆனால் டோல் அப்படி ஒரு வாக்குறுதியைத் தரவில்லை. பணமும் உரிமையும் முதலில் வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது. அவற்றை எப்படிக் கொடுப்பது என்பதுதான் அவர் எழுதியது.

1962இல் ஓய்வு பெற்றார். நான்கு ஆண்டுகளில் காலமானார். அவருடைய சிதறிய கட்டுரைகளை ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் தொகுத்து 1969இல் 'ஹெல்ப்பிங்' என்ற பெயரில் வெளியிட்டார். 1945 முதல் சிகாகோ பள்ளியில் டோலோடு பணியாற்றிய பெர்ல்மனை, சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படித்த தமிழ்நாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். நபர், பிரச்சினை, இடம், செயல்முறை என்று அவர் 1957இல் வகுத்த நான்கு கூறுகளை, ஆங்கிலத்தில் நான்கும் 'பி' எழுத்தில் தொடங்குவதால், 'ஃபோர் பீஸ்' என்று இன்றும் இங்கே தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

இந்தியாவில் இத்தொழிலுக்கான முதல் பள்ளி 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியது. சென்னை சமூகப் பணிப் பள்ளி 1952இல் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் சமூக சேவகர் மேரி கிளப்வாலா ஜாதவ். இந்தப் படிப்பின் களப்பணி அமைப்பில் டோல் காலத்து முறை அடையாளம் தெரியும்படி இருக்கிறது. மாணவர்கள் பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனைக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போகிறார்கள். நடந்ததை எழுதிக்கொண்டு வருகிறார்கள். நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு மேற்பார்வையாளர். மாணவரோடு தனியாகப் பேச 'இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்' என்று ஒன்று, குழுவாகப் பேச 'குரூப் கான்ஃபரன்ஸ்' என்று ஒன்று. ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் மாணவர் எண்ணிக்கை கூடும்போது முதலில் சுருங்குவது இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்தான். அறிக்கையில் கையெழுத்தும் தேதியும் மட்டும் விழுகின்றன. அந்தக் கையெழுத்துக்கு மேலே, வார்டில் ஒரு நோயாளியின் மகள் ஏன் பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டாள் என்று மாணவர் எழுதிய நாலு வரி இருக்கும். பேசப்பட வேண்டியது அந்த நாலு வரிதான்.